செம்பு நிறம் தெரியாத வெளிச்சம்

"இங்க வா, சவரி. இதப் பாரு. இது என்னா நிறம்?"

தேயிலை பெக்டரிக்குப் பொறுப்பான டீமேக்கர் ஐயா ஒரு வெள்ளைப் பீங்கான் மூடியை என் முகத்துக்கு நேரே நீட்டினார். சுடுதண்ணீரில் அவிந்த தேயிலை இலை அந்த மூடியின் மேல் குவிந்து கிடந்தது. ஆவி இன்னும் அடங்கவில்லை. ஜன்னலுக்கு வெளியே பொகவந்தலாவைப் பக்கத்து மலையெல்லாம் வெயிலில் பளிச்சென்று இருந்தது. காலை எட்டு மணி இருக்கும்.

"காப்பிச் சக்கை மாதிரி இருக்குதுங்க ஐயா" என்றேன்.

"எப்படி இருக்கணும்?"

"தேச்ச செம்புச் சட்டி மாதிரி இருக்கணுங்க."

"அது தெரியுதுல்ல? அப்புறம் எப்படி இந்தக் கருமத்த டிரையருக்கு அனுப்புன? கண்ணு தெரியுதா ஒனக்கு? இல்ல, கோயில்ல மெழுகுதிரியப் பாத்துப் பாத்து அதுவும் மங்கிருச்சா?"

கதவோரம் நின்றிருந்த ராமையா சிரிப்பை அடக்குவதற்காக இருமினான். ரோலர் இயந்திரத்தைப் பார்த்துக்கொள்கிறவன் அவன். என்னைவிடப் பன்னிரண்டு வயது இளையவன்.

ஐயா மூடியை மேசையில் வைத்தார். கொழும்பிலிருந்து வந்த புரோக்கர் ரிப்போர்ட் அவர் கையில் இருந்தது. எங்கள் தேயிலையில் உயிர் இல்லை, சாயம் மங்கல் என்று தொடர்ந்து மூன்றாவது தடவையாக எழுதியிருந்தார்கள்.

"தொரை என்னையத்தான் கேக்குறாரு. நான் யாரக் கேக்குறது? ஆஸ்பத்திரிக்குப் போயிக் கண்ணக் காட்டித் துண்டுச் சீட்டு வாங்கிட்டு வா. கோளாறுன்னா திங்கக்கெழமையிலேருந்து மலையில பெரட்டுக்கு நில்லு. மேசைக்கு ராமையாவப் போட்டுக்கிறேன்."

பெரட்டு என்றால் காலையில் பேர் வாசித்து மலை வேலைக்கு ஆள் பிரிப்பது. அன்று செவ்வாய்க்கிழமை.

மேசை வேலை

இந்தத் தொடரை இந்த வாரம்தான் படிக்கத் தொடங்குகிறவர்களுக்காக ஒரு வார்த்தை. நான் எட்டாம் வகுப்போடு நின்றவன். தேயிலை பெக்டரியை நாங்கள் ஸ்டோர் என்றுதான் சொல்வோம். அந்த ஸ்டோரில் இருபது வருஷத்துக்கு மேலாக நான் மேசைக்காரன்.

மேசை என்றால் எழுதுகிற மேசை இல்லை. ஓடு பதித்த நீளத் திட்டு. வாடவைத்த கொழுந்தை விடியுமுன் ரோலரில் போட்டு அரைப்பார்கள். அரைத்ததைச் சலித்து அந்தத் திட்டில் இரண்டு அங்குல உயரத்துக்குப் பரப்பிவிடுவோம். காற்றுப் பட்டுப் பட்டு, பச்சை மெல்ல மெல்லப் போய்ச் செம்பு நிறம் ஏறும். ஏறி முடிகிற அந்த நேரத்தில் "எடு" என்று சொல்ல வேண்டும். உடனே அள்ளிக்கொண்டுபோய் டிரையரில் கொட்டிச் சூடு காட்டுவார்கள். முந்திச் சொன்னால் தேயிலை பச்சை வாடை அடிக்கும். பிந்திச் சொன்னால் மூடியில் கிடந்ததே, அந்தச் சக்கைதான்.

"எடு" என்ற ஒரு சொல்லைச் சொல்வதுதான் என் வேலை. ஐயா இடையிடையே வந்து பார்ப்பார். ஆனால் விடியற்காலையில் அவர் வருவது குறைவு. சவரி சொன்னால் சரி என்று விட்டிருந்தார்.

கடிகாரத்தைப் பார்த்துச் சொன்னால் என்ன என்று கேட்பீர்கள். மழை நாளில் ஒரு கணக்கு, பனி நாளில் ஒரு கணக்கு. கடிகாரத்துக்கு அது தெரியாது. கண்ணும் மூக்கும் கையும்தான் வேண்டும்.

மூக்கைக் கெடுக்கும் எதற்கும் அங்கே இடமில்லை. தலைக்கு வாசனை எண்ணெய் தேய்த்தவர்கள் உள்ளே வர முடியாது. தேயிலை எந்த வாசத்தையும் இழுத்துக்கொள்ளும். ராமையா பக்திமான். ரோலரை ஓட்டுமுன் தினமும் முருகனுக்குச் சூடம் காட்டுவான். அதையும் வெளிக் கேட்டுக்கு அப்பால், காற்று எதிர்ப்பக்கம் போகிற இடமாகப் பார்த்துத்தான் காட்டுவான். நான் பக்கத்தில் நின்று சிலுவை போட்டுக்கொள்வேன். பிறகு இருவரும் கையைக் கழுவிக்கொண்டு உள்ளே போவோம்.

"ரெண்டு சாமியும் கேட்டுக்கு வெளியதான் நிக்குது அண்ணே, உள்ளுக்கு நம்ம ரெண்டு பேருந்தான்" என்பான்.

"நீ வேணும்னா தனியா இரு, நான் கூட்டிக்கிட்டுத்தான் போறேன்" என்பேன்.

நானே கேட்டு வாங்கியது

மேசைக்கு மேலே முன்பு நீளமான டியூப் லைட்டுகள் நாலு இருந்தன. வயதாகி, ஓரமெல்லாம் கறுத்து, ஒன்று எரிந்தால் ஒன்று துடித்துக்கொண்டிருக்கும். அந்தத் துடிப்பில் நின்று நின்று தலைவலி வரும்.

ஸ்டோரைப் பார்க்க வந்த தோட்டத்துத் தொரையிடம் நான்தான் துணிந்து போய்ச் சொன்னேன். "நிறம் பாக்குற வேலைங்க தொரை, நல்ல வெளிச்சம் வேணுங்க" என்று கும்பிட்டுக் கேட்டேன். அவரும் மனசு வைத்தார். மழைக்காலம் தொடங்கும்போது புதிய எல்ஈடி லைட்டுகள் வந்து இறங்கின.

முதல்நாள் சுவிட்சைப் போட்டதும் எல்லோரும் "ஆ" என்றோம். ஓட்டின் விரிசல்கூடத் தெரிந்தது. ராமையா தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "பகல் மாதிரி இருக்கு அண்ணே. நம்மளும் கொஞ்சம் வெள்ளையாத் தெரியிறோம்" என்றான். அந்த ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து மாதா பாதத்தில் நன்றிக்காக ஒரு மெழுகுதிரி ஏற்றினேன். பொய்யில்லை.

தேயிலை கெடத் தொடங்கியது அதற்குப் பிறகுதான். அந்த இரண்டையும் சேர்த்துப் பார்க்க எனக்கு அப்போது தோன்றவில்லை. எனக்கு மட்டுமா? ஒருவருக்கும் தோன்றவில்லை. வெளிச்சம் கூடினால் கண்ணுக்கு நல்லது என்றுதானே நினைப்போம்?

டிக்கோயா ஜன்னல்

புதன்கிழமை லீவு சொல்லிவிட்டு டிக்கோயா ஆஸ்பத்திரிக்கு பஸ் ஏறினேன். வளைவுக்கு வளைவு ஒரே நினைப்புதான்.  ஐம்பத்தைந்தை நெருங்கும் வயதில், பழுதான முழங்காலோடு, மலையில் புல்வெட்டப் போனால் எத்தனை நாள் தாங்கும்? அதைவிட, "சவரிக்குக் கண்ணு போயிருச்சாம்" என்று லயத்து வீடுகளெல்லாம் பேசும்.

கண் பார்க்கும் இடத்தில் ஒரு சிங்களத் தாதி. தமிழ் நன்றாகப் பேசினார். சுவரில் எழுத்து வாசிக்கச் சொன்னார். வாசித்தேன். பிறகு ஒரு புத்தகத்தை எடுத்தார். பக்கம் முழுவதும் நிறநிறமாகப் புள்ளிகள், புள்ளிகளுக்குள் ஒளிந்த இலக்கங்கள்.

நான் வாசிக்கத் தொடங்குமுன் என் தோளைத் தொட்டார். "இங்க வேணாம் ஐயா. ஜன்னல் கிட்ட வாங்க."

"இங்கயே நல்லா வெளிச்சம் இருக்குதுங்களே மிஸ்?"

"லைட்டுல நிறம் மாறும். இது பகல் வெளிச்சத்துலதான் பாக்கணும்."

ஜன்னலோரம் நின்று எல்லா இலக்கத்தையும் வாசித்தேன். ஒன்றுகூடத் தப்பவில்லை. "ஹரி, சரி, கண் நல்லம்" என்று சிரித்தார். கிட்டத்தில் வாசிக்க மட்டும் கண்ணாடி எழுதித் தந்தார்.

திரும்பி வரும் பஸ்ஸில் அந்தத் துண்டை நான் நாலைந்து தரம் எடுத்துப் பார்த்திருப்பேன். இனி யார் என்னை என்ன சொல்ல முடியும் என்று நெஞ்சு நிமிர்ந்தது.

ஸ்டோரில் ஐயா அதை வாசித்தார். முகம் இன்னும் இறுகிவிட்டது.

"கண்ணு நல்லா இருக்கா? அப்ப மேசையில நின்னு தூங்கியிருக்க. கண்ணு கெட்டுப்போனவனுக்காவது பாவம் பார்க்கலாம். திங்கக்கெழமை பெரட்டுக்குப் போ."

 என்னைக் காப்பாற்ற வாங்கிய துண்டே எனக்கு எதிராகப் போய்விட்டது. ஆனால் வெளியே வந்து குழாயில் முகத்தைக் கழுவும்போது தாதி சொன்னது மறுபடி காதில் கேட்டது. லைட்டுல நிறம் மாறும்.

இருபது வருஷம் நிறம் பார்த்தே சோறு தின்றவன் நான். இது எனக்குத் தெரியாமல் போனது எப்படி? தெரிந்துகொள்ளாமல் திங்கட்கிழமைக்குத் தலை குனிவதில்லை என்று அந்தக் குழாயடியில் தீர்மானித்தேன்.

நாலாவது நிலை

என் மகள் ரெஜினா ஹட்டனில் விஞ்ஞான டீச்சர். அன்று மாலை அவள் பஸ்ஸை விட்டு இறங்கிச் செருப்பைக்கூடக் கழற்றவில்லை, கேட்டுவிட்டேன்.

"இந்த டியூப் லைட்டுக்கும் புது லைட்டுக்கும் என்னா வித்தியாசம்? ரெண்டும் வெள்ளதானே?"

"மொதல்ல தேத்தண்ணி குடிக்க விடுங்க அந்தப் புள்ளைய" என்றாள் என் மனைவி லூர்து, உள்ளேயிருந்து.

தேத்தண்ணீர் வரும்வரை ரெஜினா காத்திருக்கவில்லை. "டியூப்புக்குள்ள கம்பி ஓடுதுன்னு நெனச்சீங்களாப்பா? நடுவுல ஒன்னுமே இல்ல. கொஞ்சம் வாயுவும் துளி பாதரசமுந்தான். கரண்டு போனதும் அந்த வாயு ஒடஞ்சு, வேற ஒரு நிலைக்குப் போயிரும். திண்மம், திரவம், வாயு மூணுந்தானே நீங்க படிச்சீங்க? இது நாலாவது. பிளாஸ்மா."

"அது எங்க கெடைக்கும்?"

"எங்க கெடைக்குமா? சூரியனே அதுதான். வானத்துல தெரியிற நட்சத்திரம் அத்தனையும் அதுதான். மின்னல் வெட்டுதே, அதுவுந்தான். டியூப்புக்குள்ள இருக்கறது சூடு கொறஞ்சது, கண்ணுக்குத் தெரியாத வெளிச்சந்தான் அதுல கூட வரும். உள்பக்கம் பூசியிருக்கிற வெள்ளப் பொடி அத வாங்கி நமக்குத் தெரியிற வெளிச்சமாக் குடுக்குது."

 தலைவலி தருகிறதென்று நான் திட்டிக்கொண்டிருந்த கறுத்த டியூப்புக்குள், ஆண்டவர் வானத்தில் எழுதிய அதே பொருளில் ஒரு நூல் ஓடிக்கொண்டிருந்திருக்கிறது. இருபது வருஷம் அதன் கீழே நின்றிருக்கிறேன், ஒரு தரம்கூட அண்ணாந்து பார்த்ததில்லை.

"அப்ப புது லைட்டு?"

"அதுல பிளாஸ்மா கெடையாது. ஒரு சின்னச் சில்லு. அது நீலமா எரியும். மேல மஞ்சளா ஒரு பூச்சு. நீலமும் மஞ்சளும் சேந்து நம்ம கண்ணுக்கு வெள்ளையாத் தெரியும். அதுலயும் நல்ல சாதி, மட்டச் சாதி இருக்கு. மட்டமானதுல செவப்பு ரொம்பக் கம்மி."

"செவப்புக் கம்மின்னா?"

"லைட்டுல செவப்பு இருந்தாத்தானே, பொருள் மேல பட்டு ஒங்க கண்ணுக்குச் செவப்பு வரும்? இல்லாதத அது எங்கேருந்து திருப்பித் தரும்?"

கையில் இருந்த தேத்தண்ணீர் ஆறிப்போனது. செம்பு நிறத்தில் சிவப்பைக் கழித்துப் பாருங்கள், என்ன மிஞ்சும்? மேசையில் கொழுந்து சிவந்திருக்கிறது. என் கண்ணுக்குப் பச்சையாகவே படுகிறது. இன்னும் சிவக்கட்டும், இன்னும் சிவக்கட்டும் என்று நான் காத்து நின்றிருக்கிறேன்.

"அப்ப பழைய டியூப்புதான் சரியானது, என்னா?"

"அதுவும் முழுசு இல்லப்பா. துண்டு துண்டாத்தான் நிறம் வரும். ஆனா ஒங்க கண்ணு அதுக்குப் பழகிருச்சு. பழக்கத்துல சரியாச் சொல்லியிருக்கீங்க."

முதல் நற்கருணை சீடி

சொன்னால் மட்டும் போதாது, கண்ணால் பார்க்க வேண்டும் என்றேன். ரெஜினா அலுமாரியைக் குடைந்து, தன் முதல் நற்கருணைக்கு எடுத்த வீடியோ சீடியைக் கொண்டுவந்தாள். அதைப் போட்டுப் பார்க்கும் பெட்டி செத்து எத்தனையோ காலம்.

லூர்து பீடத்தில் ஏற்றியிருந்த மெழுகுதிரியை முதலில் அந்தத் தட்டில் பிடித்தோம். வானவில் விழுந்தது. சிவப்பும் மஞ்சளும் தாராளம், நீலம் சோர்ந்துபோய்க் கிடந்தது. பிறகு குசினியில் அடுப்புக்கு மேலிருந்த எல்ஈடி. அதுவும் மட்டமான சாதிதான் போலும். நீலம் குத்தியது, சிவப்பு ஓரம் நூலளவு.

"செபம் சொல்ற நேரத்துல அப்பனும் மகளும் மாதாவுக்கு முன்னால சீடிய ஆட்டுறீங்க" என்றாள் லூர்து. சொல்லிவிட்டு அவளும் குனிந்து பார்த்தாள். "ஐயோ, வானவில்லு!"

நட்சத்திரத்தின் வெளிச்சத்தையும் இப்படித்தான் பிரித்துப் பார்ப்பார்களாம். எந்த நட்சத்திரத்தில் என்ன இருக்கிறது, எவ்வளவு சூடு என்று அதிலேயே தெரிந்துவிடுமாம். ஒருவரும் அங்கே போகவில்லை. போகவும் முடியாது. வருகிற வெளிச்சத்தைச் சரியாக வாசிக்கத் தெரிந்தால் போதும் என்றாள் ரெஜினா.

மறுநாள் விடியுமுன் ஸ்டோருக்கு ஏறும்போது, கடைசி லயத்தைத் தாண்டியதும் நின்றேன். அந்த இடத்தில் ஒரு பல்பும் கிடையாது. மேலே ஒரு நட்சத்திரம் சிவப்பாகத் தெரிந்தது, ஒன்று நீலம் கலந்த வெள்ளை. இத்தனை வருஷம் எல்லாம் ஒரே வெள்ளை என்று நினைத்துக்கொண்டிருந்தவன் நான். ஆண்டவரே, நீர் நிறம் பார்த்துத்தான் படைத்திருக்கிறீர் என்று வாய்விட்டுச் சொன்னேன். பக்கத்தில் ஒரு நாய் தவிர யாருமில்லை.

ஐயாவிடம் ஒரு கேள்வி

வியாழக்கிழமை தேயிலை சுவைத்துப் பார்க்கிற அறைக்கு நானே போய் நின்றேன்.

"ஐயா, சனிக்கெழம காலையில ஒரே ஒரு தரம் நீங்க மேசைக்கு வரணும்."

"நான் எதுக்கு? நீ தூங்கறதப் பாக்கவா?"

கோபம் வந்தது. அடக்கிக்கொண்டேன். "ஒரு கேள்விங்க ஐயா. கோப்பைய ஏன் எப்பவும் இந்த வடக்கு ஜன்னல் கிட்டயே வச்சுப் பாக்குறீங்க?"

"ஏன்னா? லைட்டுல வச்சா சாயத்தோட நிறம் சரியாத்..."

அந்தச் சொல்லோடு அவர் நின்றுவிட்டார். மேலே இருந்த பல்பைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். கையிலிருந்த கரண்டியைக் கோப்பைக்குள் வைத்தார்.

"அஞ்சரைக்கு வர்றேன்" என்றார்.

அதுவரை சும்மா இருக்கவில்லை. மேசை அறையிலும் வடக்குப் பக்கம் ஒரு ஜன்னல் உண்டு. என்றைக்கோ யாரோ பச்சை பெயின்ட் அடித்து மூடிவிட்டார்கள். வெள்ளிக்கிழமை வேலை முடிந்து, நானும் ராமையாவும் பிளேடு வைத்து அந்தக் கண்ணாடியைச் சுரண்டினோம். நகமெல்லாம் பச்சை.

"அண்ணே, ஒரு விசயம்" என்றான் ராமையா, ஸ்டூலில் நின்றபடி. "நீங்க தோத்தா மேசை எனக்கு."

"ஆமா."

"ஜெயிச்சா எனக்கு ஒன்னும் இல்ல."

"ஆமா."

"அப்ப நான் எதுக்கு இதச் சுரண்டிக்கிட்டிருக்கேன்?"

"முருகன்கிட்ட கேளு."

"கேட்டுட்டேன். சுரண்டுன்னு சொல்லிட்டாரு" என்றான்.

வீட்டில் ஒரு சண்டை மிச்சமிருந்தது. என் மனதில் ஒன்று உறுத்திக்கொண்டிருந்தது. அன்றிரவு லூர்துவிடம் அதைச் சொன்னேன். மூக்கு எனக்கு முன்பே சொல்லியிருந்தது. பச்சை வாடை போய், பழ வாசம் ஏறி நிற்கும் ஒரு நேரம் உண்டு. அந்த வாசம் வந்து, தாண்டிப் போனதும் எனக்குத் தெரிந்தது. ஆனால் கண் "இன்னும் இல்லை" என்றது. கண்ணில் எனக்குப் பெருமை. மூக்கை அடக்கிவிட்டேன். முன்பெல்லாம் சித்திரை மாத இடியில் கரண்ட் போன நாட்களில், இருட்டிலே மூக்காலும் கையாலும் பார்த்து எடுத்திருக்கிறேன். ஒரு நாளும் கெட்டதில்லை.

"இதையும் அவருகிட்ட சொல்லப் போறீங்களா?" என்றாள்.

"சொல்லணும்."

"அவரு கேட்டாரா?"

"கேக்கல."

"அப்ப வாயப் பொத்திக்கிட்டு இருங்க. நீங்களே கழுத்த நீட்டாதீங்க."

அவள் சொன்னதில் நியாயம் இருந்தது. ஆனால் பாதி உண்மையைத் தூக்கிக்கொண்டு போய் நிற்க எனக்குத் தைரியம் வரவில்லை.

சனிக்கிழமை

அன்று பார்த்து மூடுபனி. ஜன்னலில் பஞ்சை அப்பியது போல இருந்தது. வெளிச்சமே வராமல் போய்விட்டால்? பையிலிருந்த செபமாலையை விரலால் உருட்டிக்கொண்டே கொழுந்தைப் பரப்பினேன்.

ஐயா சொன்னபடி அஞ்சரைக்கு வந்தார், கழுத்தில் மப்ளரோடு. நான் கேட்டுக்கொண்டது இதுதான்: அவர் லைட்டுக்குக் கீழே நின்று பார்க்க வேண்டும், நான் ஜன்னலோரம் நின்று பார்ப்பேன், அவரவர் "எடு" என்கிற நேரத்தில் ஒரு தட்டு எடுத்துத் தனித்தனியாகக் காயவைக்க வேண்டும்.

ஆறு மணியைத் தாண்டியதும் பனிக்குப் பின்னாலிருந்து வெளிச்சம் வந்தது. நிழல் விழாத, எந்தப் பக்கமும் சாயாத வெளிச்சம். பனி கெடுத்துவிடும் என்று பயந்தேன், அதுவோ வெள்ளைத் துணி கட்டியது போல எனக்கு உதவியாக நின்றது. ஒரு பிடி அள்ளி ஜன்னலில் காட்டினேன். பச்சையும் சிவப்பும் கலந்திருந்தது. பொறுத்தேன். மறுபடி அள்ளினேன். முகர்ந்தேன். பழ வாசம்.

மூன்றாம் தரம் அள்ளியபோது உள்ளங்கையில் செம்பு இருந்தது.

"எடு" என்றேன். ராமையா ஒரு தட்டு அள்ளிக்கொண்டு டிரையருக்கு ஓடினான்.

"என்னா அவசரம்?" என்றார் ஐயா, லைட்டுக்குக் கீழே குனிந்தபடி. "இங்க பச்சையாத்தான் கெடக்கு."

 பத்து நிமிஷம். கால் மணி. வாசம் இறங்குவது எனக்குத் தெரிந்தது. அரை மணிக்குப் பக்கத்தில்தான் அவர் நிமிர்ந்து, "இப்ப சரி, எடு" என்றார். மேசையிலிருந்த மிச்சம் முழுவதையும் நான் முதல் தட்டோடு அனுப்பியிருக்கலாம்தான். ஆனால் "எடு" என்று அவர் வாயால் வரும்வரை ஒரு பிடிகூட அள்ளக் கூடாது என்று பல்லைக் கடித்து நின்றேன்.

காய்ந்ததும் இரண்டு கோப்பையில் ஊற்றினார்கள். எது யாருடையது என்று ராமையா கோப்பைக்கு அடியில் சோக்கால் குறித்திருந்தான். ஐயாவுக்குத் தெரியாது. ஒவ்வொன்றாக உறிஞ்சித் துப்பினார். மூடியில் கிடந்த இலையை ஜன்னலுக்குத் திருப்பினார். இடப்பக்கக் கோப்பையைத் தள்ளிவைத்தார்.

"இதுதான் சவத்து டீ. புரோக்கர் எழுதுனது இதத்தான்."

ராமையா கோப்பையைத் தூக்கி அடியைக் காட்டினான். ஐயா எடுத்த தட்டு.

 ஐயா மப்ளரை அவிழ்த்து மறுபடி கட்டினார். "அப்ப என் கண்ணுக்கும் துண்டு வாங்கணுமா?" என்றார். ராமையா இந்தத் தரம் இருமவில்லை, நன்றாகவே சிரித்தான்.

அப்போதே சொன்னேன். "ஐயா, மூக்கு எனக்கு முன்னாலயே சொல்லுச்சுங்க. நான் கேக்கல. லைட்ட மட்டும் குத்தம் சொன்னா அது பொய்யாப் போயிரும். அந்தப் பாதி என் மேலதான்."

 மலைக்கே அனுப்பிவிடுவார் என்று நினைத்தேன்.

"இனிமே கேப்பியா?"

"கேப்பேங்க."

"தொரைகிட்ட லைட்ட மாத்தச் சொல்லி இப்ப கேக்க முடியாது. புதுசா வாங்கிப் போட்டது. வேற என்னா வழி?"

அதற்கும் யோசித்து வைத்திருந்தேன். ரோலரை ஒரு மணி நேரம் பிந்தி ஓட்டினால் கொழுந்து சிவக்கும் நேரம் பகலில் விழும். மேசை லைட்டுக்குத் தனியாக ஒரு சுவிட்ச் வேண்டும், நிறம் பார்க்கிற நேரத்தில் அதை அணைத்துவிட. அவர் மறுப்பொன்றும் சொல்லாமல் எலக்ட்ரீசியனைக் கூப்பிட ஆள் அனுப்பினார்.

பெரட்டில் என் பேர்

திங்கட்கிழமை நான் மேசையில் நின்றேன். ஆனால் வெள்ளிக்கிழமையே ஸ்டோரிலிருந்து எழுதிப் போன மலை வேலைப் பட்டியலை யாரும் திருத்தவில்லை. அன்று காலை மலை வேலையை மேற்பார்க்கும் கண்டாக்கு ஐயா பெரட்டு வாசித்தபோது, புல்வெட்டு ஆட்களோடு என் பேரும் வந்ததாம். கொழுந்து பறிக்கிற பெண்களெல்லாம் திரும்பிப் பார்த்தார்களாம்.

என் மனைவி கூட்டத்துக்குள்ளிருந்து முன்னால் வந்திருக்கிறாள்.

"அவரு ஸ்டோர்ல மேசையில நிக்கிறாருங்க ஐயா. அந்தப் பேர வெட்டிருங்க."

"ஒம் புருசனுக்குக் கண்ணு தெரியலன்னு சொன்னாங்களே?" என்று கேட்டாராம் கண்டாக்கு ஐயா.

"தெரியுதுங்க" என்றாளாம் லூர்து, கூடைக் கயிற்றைத் தலையில் மாட்டியபடி. "லைட்ட அணைச்சா நல்லாவே தெரியுது."

அவர் பேனாவை எடுத்து வெட்டும்வரை அவள் நின்ற இடத்தை விட்டு நகரவில்லையாம்.